அம்பின் மூட்டு

அம்பு என்றதும் நமக்கு முதலில் வருகிறவர்கள் இராமனும் அருச்சுனனும்தான். எங்களைப் போல ஞாயிறு பூசைக்குப் போய் வளர்ந்தவர்களுக்குக் கூடவே மரத்தில் கட்டுண்ட புனித செபஸ்தியாரும் வருவார். இவர்கள் எல்லோருடைய அம்பும் நம் கற்பனையில் ஒரே துண்டு. முனையில் இருந்து இறகு வரைக்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். உண்மையான அம்பு அப்படி இல்லை. அதில் மூன்று, நான்கு மூட்டுகள் உண்டு. அவற்றைக் கழற்றுவதும் பூட்டுவதும் ஒரு சின்னக் கைவேலை. அந்தக் கைவேலையின் மறுபக்கத்தில் எங்கள் தொழிலின் சரித்திரம் இருக்கிறது. நான் தாதி. ஆகவே இன்றைய உரையை அந்த இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தயார் செய்திருக்கிறேன்.

நான் இருப்பது ஒஸ்லோவில் புருசெத். எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் வில் பழகுகிறான். ஒரு சனிக்கிழமை ஆறு கார்பன் அம்புகளோடு கதவைத் தட்டினான். "அன்ரி, கொதிதண்ணி கொஞ்சம் வேணும். அம்மா குசினியில விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா." முனைகளின் பாரம் போதவில்லையாம், பாரமான முனைகள் மாற்ற வேண்டுமாம். நானும் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க, இது எனக்குத் தெரிந்த வேலைதான் என்று பட்டது.

கார்பன் அம்பு உள்ளே வெறுமையான ஒரு குழாய். கரி இழைகளைப் பிசினில் தோய்த்து உருட்டி இறுக வைத்தது. அதன் முன் வாயில் உருக்கு முனையின் காம்பு நுழைந்து பசையால் ஒட்டியிருக்கும். பின் வாயில் நாணைக் கவ்வும் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். நொக் என்று சொல்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் பசை இல்லை, அழுத்தத்தில் நிற்கிறது. அதற்குச் சற்று முன்னே மூன்று இறகுகள். பெயர்தான் இறகு, பொருள் பிளாஸ்டிக்.

முனையைக் கழற்ற அதன் நுனியைக் குறட்டால் பிடித்து, அம்பின் முன் பக்கத்தைச் சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, முறுக்கி இழுக்க வேண்டும். சூட்டில் இளகும் பசை என்றால் வந்துவிடும். வராவிட்டால், வெளியே தெரியும் உருக்கை மட்டும் சிறு சுவாலையில் காட்டலாம். சூடு உலோகத்தின் வழியே உள்ளே போய்ப் பசையை இளக்கும். சுவாலை கார்பனில் படக்கூடாது. கரி இழைக்கு அந்தச் சூடு ஒன்றுமில்லை, ஆனால் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் கெட்டுவிடும். வெளியே பார்த்தால் அம்பு நல்லதாகத்தான் தெரியும். விடும்போது சிதறி, வில்லைப் பிடித்த கையில் ஏறும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அம்பை இரண்டு கையாலும் மெல்ல வளைத்து, காதருகே வைத்துக் கீறல் சத்தம் வருகிறதா என்று கேட்கிறார்கள். மார்பில் கருவியை வைத்துக் கேட்பது போலத்தான்.

பிறகு குழாயின் உள்வாயைப் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடைத்தான். ஊசி போடமுன் நாங்கள் தோலைத் துடைக்கும் அதே அல்ககோல். காய்ந்ததும் புதுமுனையின் காம்பில் பசையை உருக்கிப் பூசி, சுற்றிச் சுற்றி உள்ளே இறக்கினான். ஓர் அம்பில் இறகு ஒன்று கிழிந்திருந்தது. அதை மழுங்கிய கத்தியால், இழையை வெட்டாமல், படுக்கவைத்துச் சுரண்டி எடுத்தான். புது இறகை ஒட்ட அவன் எடுத்தது சயனோஅக்ரிலேற் பசை. அவசர சிகிச்சைப் பிரிவில் பிள்ளைகள் நெற்றியை வெடிக்கவைத்துக்கொண்டு வந்தால், தையல் போடாமல் ஒட்டுகிறோமே, அந்தத் தோல் பசையும் இதே குடும்பம்தான். இரசாயனம் சற்று வேறு, அவ்வளவே.

ஏன் இப்படிக் கழற்றக்கூடியதாகச் செய்கிறார்கள்? விலைதான் காரணம். நேரான தண்டு செய்வதுதான் பெரிய வேலை. முனை மழுங்கும், இறகு கிழியும், நொக் உடையும், அதற்காகத் தண்டை எறிய முடியாது. அமெரிக்காவில் ஈஸ்டன் நிறுவனம் 1939-இல் அலுமினியத் தண்டு செய்யத் தொடங்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அலுமினியக் குழாயின் மேல் கார்பன் சுற்றிய மெல்லிய அம்பை இறக்கியது. பொருள் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. தண்டு நிலைக்க வேண்டும், மற்றதெல்லாம் மாற்றப்பட வேண்டும். ஆகவே மூட்டுக்கு ஒரு விசித்திரமான கடமை: பறக்கும்போதும் தைக்கும்போதும் இறுகப் பிடிக்க வேண்டும், உடையவன் சூடு காட்டினால் விட்டுவிட வேண்டும்.

இந்தக் கடமை எவ்வளவு பழையது என்பதை நோர்வேயின் மலைகளிலேயே பார்க்கலாம். கோடையில் கலைமான்கள் பூச்சிக்கடிக்குப் பயந்து மலை உச்சிப் பனித்திட்டுகளில் ஏறி நிற்கும். வேட்டைக்காரர் அங்கே போய் எய்வார்கள். குறி தப்பிய அம்பு பனிக்குள் புதைந்துவிடும். ஒப்டால் மலைப்பகுதியில் அப்படியொரு அம்பு 1914-லேயே கிடைத்தது. இப்போது பனி வேகமாக உருகுவதால் அம்புகள் நிறைய வெளியே வருகின்றன. யூத்துன்ஹைமன் மலைகளில் லாங்ஃபொன்ன என்ற ஒரே பனித்திட்டில் 68 அம்புகள் கிடைத்திருக்கின்றன. மிகப் பழையது சுமார் 6000 ஆண்டு, கடைசியாக வந்தது மத்திய காலம். அந்த ஆய்வு 2020-இல் வெளியானது. கல் முனை, எலும்பு முனை, இரும்பு முனை எல்லாம் இந்த மலைகளில் கிடைக்கின்றன. நன்னீர் முத்துச்சிப்பியின் ஓட்டில் செய்த முனைகள்கூட உண்டு. அவற்றைத் தண்டோடு சேர்த்தவை மூன்று: விலங்கின் தசைநார், மரப்பட்டை நார், பூர்ச்ச மரத்தின் பட்டையைக் காற்றுப் படாமல் சுட்டு எடுத்த கரிய கீல்.

அந்தக் கீல்தான் பையனின் பசைக்குப் பாட்டி. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். நியாண்டர்தால் மனிதர்களே அதைச் செய்யத் தெரிந்திருந்தார்கள். அடுப்பு இல்லாத இடத்தில் வாயில் போட்டு மென்றும் இளக்கியிருக்கிறார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது, பல் அடையாளம் பதிந்த கீல் துண்டுகள் ஸ்கந்திநேவியாவில் கிடைத்திருக்கின்றன. டென்மார்க்கின் லோலாண்ட் தீவில் அப்படி மென்று துப்பிய 5700 ஆண்டுப் பழைய துண்டு ஒன்றில் இருந்து ஒரு பெண்ணின் முழு மரபணுத் தொகுதியையும் 2019-இல் வாசித்துவிட்டார்கள். கொரோனாக் காலத்தில் பஞ்சுக்குச்சியோடு நாள் முழுக்க நின்ற எனக்கு இது பெரிய வியப்பாக இருந்தது. நம் ஊரில் கீலின் இடத்தில் அரக்கு இருந்தது. கத்திப் பிடிக்குள் அரக்கை உருக்கி விட்டு, இரும்பின் வாலைச் சுடச்சுட இறக்குவதைப் பார்த்தவர்கள் இந்த நேரலையிலும் இருப்பீர்கள். பிடி வெடித்தால் மறுபடி சூடு காட்டி இரும்பைக் கழற்றுவார்கள். கத்திக்கு நல்ல ஏற்பாடு.

ஆல்ப்ஸ் மலையில் 1991 செப்டெம்பரில் பனிக்குள் இருந்து வந்த ஓட்சி என்ற 5300 ஆண்டுப் பழைய மனிதனின் அம்புக்கூட்டில் 14 அம்புகள் இருந்தன. பன்னிரண்டு வெறும் தண்டுகள், முடிந்தவை இரண்டே இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, முன் பகுதிக்கு வேறு மரத்தில் துண்டு செய்து பொருத்திய அம்பு. மூன்று அரை இறகுகள் பூர்ச்சக் கீலில் ஒட்டி நூலால் சுற்றப்பட்டிருந்தன. அவனே அம்பின் பாகங்களைப் பிரித்துப் பூட்டித் திரிந்தவன்தான். அவனைக் கொன்றதும் ஓர் அம்பு. ஆனால் அது தெரிய பத்து ஆண்டு பிடித்தது. 2001-இல் எடுத்த எக்ஸ்ரே படத்தில்தான் இடது தோளுக்குள் ஒரு சிறு கல் முனை தெரிந்தது. அது தோளுக்குக் கீழே ஓடும் பெரிய நாடியைக் கிழித்திருந்தது. முதுகில் சின்ன வாசல், உள்ளே முனை, தண்டைக் காணவில்லை. யாரோ இழுத்திருக்கிறார்கள். தண்டு வந்தது, முனை வரவில்லை.

இங்கேதான் நான் சொன்ன மறுபக்கம் தொடங்குகிறது. அம்புக்காரனுக்கு வசதியான மூட்டு, தைக்கப்பட்டவனுக்கு வினை. உடல் 37 பாகை சூட்டில் இருக்கும் ஈரமான இடம். இறுகக் கட்டிய தசைநார் இரத்தத்தில் ஊறினால் நெகிழும். 1862-இல் ஜோசப் பில் என்ற அமெரிக்க இராணுவ சத்திரசிகிச்சை வைத்தியர் அம்புக் காயங்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் திரும்பத் திரும்ப எச்சரித்தார். அங்கே பழங்குடி வீரர்களின் அம்பு தைத்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் தண்டைப் பிடித்து இழுப்பது. நார் நெகிழ்ந்துவிட்டதால் தண்டு எளிதாக வந்துவிடும். வந்துவிட்டதே என்று சந்தோஷப்படுவார்கள். முனை உள்ளே கிடந்து சீழ் கட்டிக் கொல்லும். தண்டை விட்டுவையுங்கள், அதுதான் முனைக்கு வழிகாட்டி, விரலை அதன் வழியே விட்டுப் பாருங்கள் என்றார் அவர். முனையைச் சுற்றி மாட்டி இழுக்கக் கம்பியில் ஒரு கண்ணியும் செய்தார்.

இதே வேலையை நோர்வேயில் ஒரு பெண் செய்ததாகச் சரித்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். பெயர் எழுதவில்லை. 1030 யூலை 29, ஸ்திக்லஸ்தாட் போர்க்களம். ஊலாவ் அரசன் விழுந்து, பின்னர் புனிதராகி, நோர்வே கிறிஸ்தவ நாடானதற்கு அடையாளமாகச் சொல்லப்படும் போர். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். எனக்குப் போரைவிடப் பெரிதாகப் படுவது போருக்குப் பின், காயக்காரரைக் கிடத்திய கொட்டகைதான். சுமார் இருநூறு ஆண்டு கழித்து ஸ்னூர சுத்துர்லுசன் எழுதிய அரசர் வரலாற்றில் அந்தக் காட்சி வருகிறது. ஒரு பெண் தண்ணீர் கொதிக்கவைத்துப் புண்களைக் கழுவுகிறாள். லீக்ஸும் மூலிகைகளும் போட்டு ஒரு கஞ்சி காய்ச்சிக் காயக்காரருக்குக் கொடுக்கிறாள். வயிற்றுப் புண்ணில் அந்த வாடை வந்தால் குடல் துளைத்திருக்கிறது என்று அறிவதற்கு. ஆய்வுகூடம் இல்லை, ஸ்கான் இல்லை, மூக்குத்தான் கருவி. யார் பிழைப்பார், யாருக்கு நேரம் செலவழிக்கலாம் என்று பிரிக்கும் வேலை அது. இன்றைக்கும் அவசரப் பிரிவு வாசலில் ஒரு தாதி நின்று அதைத்தான் செய்கிறாள்.

அங்கே தூர்மூத் என்ற அரசவைக் கவிஞன் வருகிறான். இடப்பக்கத்தில் அம்பு. தண்டை அவனே முறித்துவிட்டு வந்திருக்கிறான். அவள் குறட்டை எடுத்து இழுக்கிறாள், வரவில்லை. புண் வீங்கிவிட்டது, இரும்பு வெளியே கொஞ்சம்தான் தெரிகிறது. குறடு பிடிக்கும்படி சதையை வெட்டச் சொல்லி, பிறகு அவனே பிடித்து இழுக்கிறான். கொக்கிகளில் இதயத்தின் நார்கள் மாட்டிக்கொண்டு வந்தன என்கிறது கதை. அவற்றில் இருந்த கொழுப்பைப் பார்த்து, அரசன் எங்களை நன்றாக வளர்த்தான் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுச் சாகிறான். கடைசிப் பேச்சு இலக்கியம், அதை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் குறடு பிடிக்காமல் போனதை நம்புகிறேன். வைக்கிங் காலத்து நோர்வே அம்புமுனைகள் பெரும்பாலும் வால் உள்ளவை. கத்தியின் வால் பிடிக்குள் போவது போல முனையின் மெல்லிய வால் தண்டுக்குள் போகும். தண்டு போய்விட்டால் மிஞ்சுவது அந்த மெல்லிய வால் மட்டும். சதை வீங்கினால் அதுவும் மூடிப்போகும். கதை எழுதியவருக்கு இரும்பும் புண்ணும் தெரிந்திருக்கிறது.

இங்கிலாந்தின் முனைகளில் பல வேறு வகை. பின்னால் குழி இருக்கும், தண்டு அந்தக் குழிக்குள் போகும். 1403 யூலையில் ஷ்ரூஸ்பரி போரில் இளவரசன் ஹென்றிக்கு வயது 16. அம்பு முகத்தில் மூக்கருகே புகுந்தது. தண்டை இழுத்தார்கள், வந்தது. முனை ஆறு அங்குல ஆழத்தில் மண்டையின் பின் எலும்பில் நின்றுவிட்டது. அழைக்கப்பட்டவர் ஜான் பிராட்மோர் என்ற சத்திரசிகிச்சைக்காரர். அவர் அவசரப்படவில்லை. எல்டர் மரத்தின் உலர்ந்த சோற்றில் சிறு குச்சிகள் செய்து, துணி சுற்றி, ரோஜாத் தேனில் தோய்த்து, நாளுக்கு நாள் பெரிதாக வைத்துக் காயத்தின் வாயை அகலமாக்கினார். பிறகு ஒரு கருவி செய்வித்தார்: ஒடுங்கிய குறடு ஒன்று, அதன் நடுவே ஒரு திருகாணி. அதைக் காயத்துக்குள் செலுத்தி, முனையின் பின்னால் இருந்த குழிக்குள் நுழைத்து, திருகாணியைச் சுற்றினார். குறட்டின் இரண்டு தாடையும் குழிக்குள் விரிந்து உள்ளிருந்தே இரும்பைக் கவ்வின. மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்தார். அதாவது, போன தண்டின் இடத்தில் இன்னொரு தண்டைப் பூட்டி, அம்பை மறுபடி முழுதாக்கித்தான் வெளியே எடுத்தார். காயத்தை வெள்ளை வைனால் கழுவி, தேன் கலந்த மருந்து வைத்து, 20 நாளில் ஆற்றினார். அந்தப் பையன்தான் ஐந்தாம் ஹென்றி. 1415-இல் அஜென்கோர்ட்டில் வில்வீரரை வைத்தே பிரான்சை வென்றவன். நான் படித்த மருத்துவ சரித்திரத்தில் மிக அழகான கருவி அந்தக் குறடுதான். வெல்டிங்கும் இல்லாமல் எக்ஸ்ரேயும் இல்லாமல், மூட்டின் வடிவத்தை மட்டும் யோசித்துச் செய்தது.

நம் பக்கத்தில் சத்திரசிகிச்சைக்கே பெயர் சல்லிய தந்திரம். சல்லியம் என்றால் அம்பு, முள், உடலுக்குள் தங்கிய எந்த அந்நியப் பொருளும். சுசுருத சங்கிதை அதை எடுக்க 15 வழிகள் சொல்கிறது. அவற்றில் காந்தமும் ஒன்று. கொக்கி இல்லாத, நேராக நிற்கும், வாய் அகன்ற புண்ணில் இருக்கும் இரும்புக்குத்தான் அது என்று நிபந்தனையும் போடுகிறது. எலும்பில் இறுகியதற்கு வளைத்த மரக்கிளையில் கட்டி விடுவது, குதிரையின் கடிவாளத்தில் கட்டிக் குதிரையை உதறவைப்பது என்று பயமான வழிகளும் உண்டு. பதினைந்தாவது வழி மகிழ்ச்சி. மனதில் தைத்த துக்கமும் ஒரு சல்லியம் என்று எண்ணி அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். போரில் இருந்து வந்தவர்களைப் பராமரிக்கிற எவருக்கும் அந்தச் சேர்க்கை விளங்கும்.

சங்கப் பாடல்கள் புண்ணைப் பற்றி நிறையப் பேசுகின்றன. பதிற்றுப்பத்தில் வீரரின் மார்புத் தழும்பைச் சொல்லும் இடத்தில், புண் தைக்கும் நீண்ட வெள்ளை ஊசிக்கு, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியை உவமை சொல்கிறார் பரணர். தையல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர் அந்த உவமையைச் சொல்லியிருக்க முடியாது என்பது என் எண்ணம். புறநானூற்றில் அரிசில் கிழார் பாட்டொன்றில், வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு சிதறி, யாழ் இசைத்துக் காயக்காரனைக் காக்கும் பெண்கள் வருகிறார்கள். பாட்டில் வருவது புண் காக்கும் காவல், அதாவது எங்கள் டியூட்டி.

செபஸ்தியாரிடம் வருகிறேன். மன்னார் பேராலயம் அவருடையது. வடக்கில் அவர் பெயரில் கோயில் இல்லாத கரையோரம் குறைவு. அம்போடு நிற்கும் சுரூபத்தைப் பார்த்து அம்பால் இறந்தார் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். மரபுக் கதை அப்படிச் சொல்லவில்லை. செத்துவிட்டார் என்று விட்டுப்போன உடலை எடுக்க வந்த இரேனே என்ற விதவை, உயிர் இருப்பதைக் கண்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பராமரித்துப் பிழைக்கவைத்தாள். அவர் இறந்தது பிறகு, தடியடியில். 1625-இல் ஹென்றிக் தெர் புருக்கென் வரைந்த ஓவியத்தில், பணிப்பெண் கட்டை அவிழ்க்க, இரேனே குனிந்து அம்பொன்றைப் பிடித்து மெல்ல எடுக்கிறாள். அவள் முகத்தில் இருக்கும் கவனம் எனக்குத் தெரிந்த கவனம். ஆனால் அம்பு ஒரே துண்டாகத்தான் வருகிறது. தூர்மூத்தின் கொட்டகையில் நின்ற பெயரில்லாத பெண், அப்படி வராது என்று ஓவியருக்குச் சொல்லியிருப்பாள்.

இது பழங்கதை மட்டும் அல்ல. 2021 அக்டோபர் 13-இல் கொங்ஸ்பெர்க் நகரில் ஒருவன் வில்லோடு இறங்கியதை நோர்வேயில் இருக்கும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது குத்தும் ஆயுதங்கள் என்று பொலிஸ் பின்னர் சொன்னது. ஆனாலும் அம்பு பட்டவர்கள் இருந்தார்கள். கார்பன் அம்பு வந்தபின் எங்கள் பக்கத்துக்கு ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. ஓட்சியின் தோளில் முனை எக்ஸ்ரேயில் தெரிந்தது. இப்போதும் உருக்கு முனை பளிச்சென்று தெரியும். கார்பன் தண்டு தெரியாது. எக்ஸ்ரே கதிர் கார்பன் இழையைத் தடையில்லாமல் கடந்துபோகும், அதனால்தானே நோயாளியைக் கிடத்தும் எக்ஸ்ரே மேசையின் பலகையையே கார்பன் இழையில் செய்கிறார்கள். பழைய காலத்தில் தண்டு வந்துவிடும், முனை உள்ளே ஒளித்துக்கொள்ளும். இப்போது முறிந்த தண்டின் சிம்புகள் உள்ளே இருந்தாலும் படத்தில் சுத்தமாகத் தெரியும்.

ஆகவே வில் பழகும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இரண்டு சொல்கிறேன். தைத்ததை இழுக்க வேண்டாம், அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி 113-ஐ அழையுங்கள். அம்பு முறிந்து சிதறிக் கையில் ஏறியதென்றால், நிலத்தில் கிடக்கும் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பையில் போட்டு, முறியாத அம்பொன்றையும் கூடவே அனுப்புங்கள். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து அளந்தால், எவ்வளவு நீளம் குறைகிறது என்று நாங்கள் கண்டுபிடிக்கலாம்.